பட்டை, ஊசி, ஊசி, பட்டை

ரப்பர் தன் வாழ்க்கையில் முதன்முதலாக உடைத்தது அப்பாவின் முழங்கையை. அடுத்தது ஒரு பெயிண்டரின் மூக்கை. நடுவில் உடைந்த தட்டு, தம்ளர், நாற்காலிக் கால், முகம் பார்க்கும் கண்ணாடி என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். கோபக்காரர்கள் என்று நாலு பேரைச் சொல்வார்களே, அந்த நாலு பேரும் இவரைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நடப்பார்கள்.

ரப்பர் என்பது பட்டறையில் வைத்த பெயர். பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை அது. தாத்தா காலத்துக் கார்களில் கதவுக்குக் கீழே, முன் மட்கார்டிலிருந்து பின் மட்கார்டு வரைக்கும் ஒரு நீளப் பலகை ஓடும். ஃபுட்போர்டு. அதில் கால் வைத்துத்தான் வண்டிக்குள் ஏற வேண்டும். வழுக்காமல் இருக்க அதன்மேல் வரிவரியாக ரப்பர் விரிப்பு ஒட்டியிருப்பார்கள். அந்த விரிப்பை ஒட்டுவதுதான் இவர் வேலை. முப்பத்திரண்டு வருஷமாக அது ஒன்றே வேலை. காலில் மிதிபடுகிற ரப்பர்தானே, இதில் என்ன பெரிய வித்தை என்று முதலாளியின் மச்சான் ஒரு தடவை கேட்டார். கேட்டுவிட்டு, அன்று முழுக்க உதட்டில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு திரிந்தார்.

வித்தை இருக்கத்தான் செய்கிறது. பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தகரம் பளிச்சென்று தெரியும் வரை விடக்கூடாது. புது விரிப்பை வெயிலில் போட்டுச் சுருள் எடுக்க வேண்டும். விளிம்பை அடியில் மடித்து ஒட்ட இரண்டு விரல் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். பிறகு பலகையில் ஒரு பூச்சு, ரப்பரின் முதுகில் ஒரு பூச்சு என்று ஒட்டுப் பசையான சொல்யூஷனைத் தடவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தால் ஈரம் வரக்கூடாது, ஆனால் விரலை லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் பதம் வர ஒரு கால்மணி நேரம் ஆகும். பதம் வந்ததும் ரப்பரை நடுவிலிருந்து இரு பக்கமும் இறக்கி, இரும்பு உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு தடவை பட்டால் பட்டதுதான், திரும்பத் தூக்கி நேராக்கலாம் என்ற பேச்சே கிடையாது.

அந்தக் கால்மணி நேரம் யாரும் பக்கத்தில் வரக்கூடாது. தூசி பறக்கக் கூடாது. அப்போதிருந்த பழைய பெயிண்டர் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து, சொல்யூஷன் தடவிய பலகையில் ஷூ காலை வைத்து நாடாவை இறுக்கினார். அத்தோடு அவர் மூக்கு போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

சொல்யூஷனுக்காகக் கால்மணி நேரம் அசையாமல் உட்காரத் தெரிந்த மனுஷனுக்கு, வேறு எதற்காகவும் யாருக்காகவும் அரை நிமிஷம் பொறுக்கத் தெரியாது. இந்தக் கதையில் நடந்த அத்தனை அனர்த்தத்துக்கும் அதுதான் காரணம். பாவம், நல்ல மனுஷன், கோபம்தான் கொஞ்சம் அதிகம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் கதையைக் கேளுங்கள்.

அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். கடையில் கிழிந்த டியூபுக்குப் பஞ்சமில்லை. அதிலிருந்து வார் வார் ஆக அறுத்து வைத்திருப்பார், மூட்டை கட்டவும் மகனைக் கட்டி வைத்து அடிக்கவும். பம்ப் அடித்தது போதவில்லை என்றால் அடி, அதிகமாகி டியூப் வெடித்தாலும் அடி. பதினாலாவது வயதில், டயர் கழற்றும் இரும்பை எடுத்து அப்பாவின் வலது முழங்கையில் ஒரே போடு போட்டுவிட்டு மகன் கடையை விட்டு இறங்கினான். அந்தக் கை அதற்கப்புறம் நேராக நீளவே இல்லை. பட்டறையில் வந்து வேலை கேட்டபோது என்ன தெரியும் என்று முதலாளி கேட்டார். ரப்பர் தெரியும் என்றான். பொய் இல்லை.

கல்யாணமான மூன்றாம் நாள் மனைவியை அறைந்தார். குளிக்க வைத்த வெந்நீர் ஆறிப்போனதற்காக. அவள் அழவில்லை, ஏதோ தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போலக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னொரு அறை.

வார் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. பெரிய முகப்பு விளக்குகள் வைத்த கறுப்புக் கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் பழைய வரி அப்படியே வர வேண்டும் என்று தனியாக அச்சுச் செய்து ஒரு சுருள் ரப்பர் கொண்டுவந்தார். ஒரு பட்டை வரி, இரண்டு ஊசி வரி, மறுபடி ஒரு பட்டை வரி. பட்டை, ஊசி, ஊசி, பட்டை. வேறு எந்தக் காரிலும் அந்த வரி கிடையாது. ரப்பர் தனியாகச் செய்த முதல் முழு வேலை அது. விளிம்பில் வெட்டி எடுத்த ஒரு நீளத் துண்டை, பார்க்க அழகாக இருக்கிறது என்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு முனையில் ஓட்டை போட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். ஒரு மாதம் சும்மா தொங்கியது. முதல் தடவை அது கையில் வந்தது தற்செயல். இரண்டாம் தடவை அப்படிச் சொல்ல முடியாது.

நீள வாரை வீசினால் அது ஒரு குறும்பு செய்யும். அடி விழுந்த வேகத்தில் அதன் வால் சுழன்று வந்து, அடிப்பவரின் கையிலேயே முழங்கைக்குக் கீழே ஒரு சூடு வைத்துவிட்டுப் போகும். அவருக்கு வலிக்கும். வலித்தால் கோபம் இன்னும் ஏறும். அதற்கும் சேர்த்து மனைவி வாங்குவாள்.

"கத்தாத. பக்கத்து வீட்ல கேக்கும்." ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இதைத்தான் சொல்வார். மானம் மரியாதை பார்க்கிற மனுஷன் அல்லவா. மறுநாள் குழாயடியில் யாராவது கேட்டால், கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள் மனைவி. அந்தச் சின்ன வீட்டில் இருந்ததே இரண்டு கதவு.

ஒரே மகள். மகள் மீது அவர் விரல்கூடப் பட்டதில்லை. இதைப் பட்டறையில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று டிங்கரைக் கேட்டால் தெரியும். டிங்கர் என்றால் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவர். பட்டறையில் இவருக்கு இருந்த ஒரே சிநேகிதர். "என் பொண்ணு மேல ஒரு துரும்பு பட விட்டதில்லடா. ராஜாத்தி மாதிரி வளத்திருக்கேன்." டிங்கர் சுத்தியலைத் தகரத்தில் போட்டபடி, "ஆமா ஆமா" என்பார்.

அது உண்மைதான். அடித்து முடித்து, மூச்சு வாங்க நடைக்கு வந்து உட்கார்வார். அப்போது ஆறு வயது மகள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டுவாள். அம்மா உள்ளே சுவரோடு உட்கார்ந்திருப்பாள். மகள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் தலையைத் தடவுவார். "என் தங்கம். உனக்குத்தான் அப்பாவோட அருமை தெரியுது."

மகளுக்குக் கல்யாண வயது வந்ததும் அவர் ஒரே ஒரு விஷயம்தான் பார்த்தார். கை நீட்டி அடிக்காதவனாக இருக்க வேண்டும். அடிக்கிறவனுக்குத் தெரியாதா அடிக்கிறவன் யாரென்று! பழைய பெயிண்டருக்குப் பதிலாக வந்த புதுப் பெயிண்டர் ஒரு வாயில்லாப் பூச்சி. சத்தமாகத் தும்மக்கூட மாட்டான். யாராவது திட்டினால் சிரித்துக்கொண்டே போய் வண்டிக்குப் பின்னால் நிற்பான். அவனையே மாப்பிள்ளையாக்கினார். இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு மறுநாள் கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது, வாரைக் காணோம்.

"எங்க அது?" என்றார் மனைவியிடம்.

"எது?" என்றாள் அவள்.

அவருக்கும் வயசாகிவிட்டது. தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். அதற்கப்புறம் கைதான்.

எட்டு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் வந்திருந்தாள். பெயிண்டர் வெளியூரில் ஒரு வண்டிக்குப் பூச்சு வேலைக்குப் போயிருந்தான், மறுநாள் நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவான். மகள் அப்பாவுக்குச் சாப்பாடு பரிமாறக் குனிந்தாள். முழுக்கைச் சட்டையின் கை மேலே ஏறியது. வலது கையில், முழங்கைக்குக் கீழே, நாலு கோடு.

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பட்டை, ஊசி, ஊசி, பட்டை. அவருடைய சொந்த மகளின் தோலில், கன்றிப்போய், அச்சு எடுத்தது மாதிரி தெளிவாக இருந்தது. அந்த மாதம்தான் கறுப்புக் கார் திரும்பப் பட்டறைக்கு வந்திருந்தது, மிச்சச் சுருளோடு. வெட்டிய துண்டுகள் பட்டறை மூலையில் டிரம்மில் கிடந்தன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். யார் எடுத்தான் என்று கண்டுபிடிக்க ஜோசியமா பார்க்க வேண்டும்?

"என்னம்மா இது கையில?"

மகள் சட்டைக் கையை இழுத்துவிட்டாள். "ஒண்ணுமில்லப்பா. கதவுல இடிச்சுக்கிட்டேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அடுப்பைப் பார்த்தாள். அவருக்கு உள்ளே எதுவோ வெடித்தது. பொய்யைக்கூட அம்மாவிடமிருந்தே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் பாவி மகள்! அழுகை வந்தது அவருக்கு. உண்மையாகவே வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பெண்ணின் உடம்பில் அந்தக் கோட்டைப் பார்த்து அவர் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை.

மகள் போனதும் சொன்னார். "நாளைக்கு அவன் கைய எடுத்துடறேன். எந்தக் கையால அடிச்சானோ அந்தக் கை அவனுக்கு இருக்காது."

"அவசரப்படாதீங்க," என்றாள் மனைவி. "முதல்ல அவகிட்டயே நல்லாக் கேளுங்க. எந்த இடத்துல பட்டிருக்குன்னு..."

"நீ வாய மூடு!"

மூடினாள். அவளுக்கு அது புதிதா என்ன.

திங்கட்கிழமை காலை பட்டறையில் கறுப்புக் காரின் இடது ஃபுட்போர்டைப் பலகையோடு கழற்றி இரண்டு முக்காலிமேல் வைத்து, சொல்யூஷன் தடவினார் ரப்பர். கை பாட்டுக்குச் சீராக ஓடியது. ரப்பரின் முதுகிலும் தடவினார். உருளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதத்துக்குக் காத்திருக்கிறார் என்று டிங்கர் நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வராமல் இருந்தார். அவர் காத்திருந்தது வாசலைப் பார்த்து.

பெயிண்டர் தோளில் பையோடு சிரித்துக்கொண்டே வந்தான். "சாப்டீங்களா மாமா?"

ரப்பர் எழுந்து உருளையை வீசினார். முதல் அடி தோளில் விழுந்தது. தன்னைக் காப்பாற்ற, பையைப் பிடித்திருந்த கையை அவன் நீட்டினான், இரண்டாவது அடி அந்த விரல்களில் விழுந்தது. சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. பை கீழே விழுந்து வர்ண டப்பாக்கள் உருண்டன. "மாமா! மாமா, என்ன ஆச்சு மாமா!" என்று அவன் பின்வாங்கினான். அவர் அவன் வயிற்றில் உதைத்தார். அவன் மல்லாக்கப் போய்ச் சொல்யூஷன் தடவிய பலகைமேல் விழுந்தான். முக்காலி சாய்ந்தது, பலகையும் அவனுமாகத் தரையில் கிடந்தார்கள். ரப்பர் அவன் நெஞ்சில் முட்டியை ஊன்றி, உருளை இல்லாத கையால் முகத்தில் குத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. பல் ஒன்று அவர் விரல் முட்டியைக் கிழித்தது. யாருடைய ரத்தம் என்று தெரியாத அளவுக்கு ரத்தம்.

"என் பொண்ண தொட்ட கை எதுடா? சொல்லு! எந்தக் கைடா!"

பெயிண்டர் ஒரு கையைக்கூட ஓங்கவில்லை. தலையை இரண்டு முழங்கைக்கு நடுவில் புதைத்துக்கொண்டு, உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தான். அடி வாங்கத் தெரிந்தவன் மட்டும்தான் அப்படிச் சுருள்வான். கோபத்தில் ரப்பருக்கு அது புரியவில்லை.

டிங்கர் ஓடிவந்து பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார். "விடுண்ணே! செத்துடுவான்! விடுண்ணே!" ரப்பர் விடவில்லை. இன்னும் நாலு வைக்க, பெயிண்டரின் காலரைப் பிடித்துத் தூக்கினார். சொல்யூஷன் அந்த நேரத்தில் சரியான பதத்தில் இருந்தது. சட்டையின் முதுகு பலகையை விடவில்லை. ஆளைத் தூக்க, தையல் விட்டு, சட்டை டர்ரென்று கிழிந்து பலகையோடு தங்கிவிட்டது. பெயிண்டர் வெற்று உடம்போடு குப்புறச் சரிந்தான்.

டிங்கர் பிடியை விட்டுவிட்டார். "ஐயய்யோ," என்றார்.

முதுகு முழுக்க வரி. பட்டை, ஊசி, ஊசி, பட்டை. பழசின்மேல் புதுசு, நீலத்தின்மேல் மஞ்சள், குறுக்கும் நெடுக்குமாக, தோளிலிருந்து இடுப்பு வரை. ஒன்றிரண்டு இடத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. தோலாக மிச்சம் இருந்த இடம் கொஞ்சம்தான்.

ரப்பர் உருளையைக் கீழே போட்டார். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. மகள் கையில் கோடு எங்கே இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வலது கையில், முழங்கைக்குக் கீழே. வார் அடித்த கோடு இல்லை அது. வால் அடித்த கோடு. அதே இடத்தில் அவர் எத்தனை தடவை வாங்கியிருப்பார்! உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரியைப் பார்த்த மனுஷன் இடத்தைப் பார்க்கவில்லை.

"யாரு?" என்றார். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

பெயிண்டர் உடைந்த விரல்களை மார்போடு பிடித்துக்கொண்டு வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். "நான் ஒண்ணும் சொல்லலையே மாமா. நீங்களாத்தானே பாத்தீங்க. நான் சொன்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க மாமா." அழுதான். "கால்ல வேணா விழறேன்."

ரப்பர் எழுந்தார். "இவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ," என்று டிங்கரிடம் சொல்லிவிட்டு, ரத்தக் கையைக் கழுவாமல் மகள் வீட்டுக்கு நடந்தார். எதிரில் வந்தவர்கள் விலகி நின்றார்கள்.

மகள் கதவைத் திறந்தாள். அவர் அவளைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போய்க் கதவை இழுத்துப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஆணி. ஆணியில் வார். முனையில் அவர் போட்ட ஓட்டை. கைபட்டுக் கைபட்டு அந்த முனை மட்டும் வழவழப்பாகியிருந்தது. டிரம்மில் கிடந்த துண்டு இல்லை.

"இது எப்படிம்மா இங்க?"

"நம்ம வீட்லேர்ந்துதான். ஏன்?"

"மாப்ளய ஏம்மா அடிக்கிற?"

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "ஏனா? அஞ்சு நிமிஷத்துல வான்னா அரைமணி நேரம் கழிச்சு வரான். கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிறான். எனக்குக் கோவம் வந்தா நான் மனுஷியா இருக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க ரத்தம்தானே."

"அதுக்காக இப்படியா? அவன் முதுகப் பாத்தேன். மாட்டக்கூட யாரும் அப்படி அடிக்க மாட்டாங்க."

மகள் சிரித்துவிட்டாள். "நீங்களா பேசறீங்க?"

"உன்மேல ஒரு துரும்பு பட விட்டிருக்கேனா நான்? சொல்லு, விட்டிருக்கேனா?"

"விடல. யாரு இல்லேன்னா?" சிரிப்பு நின்றது. "நம்ம வீட்ல நிக்கறதுக்கு ரெண்டே எடம்தான்பா இருந்துச்சு. வாரப் புடிக்கிற எடம் ஒண்ணு. வாங்கற எடம் ஒண்ணு. அம்மா நின்ன எடத்துல நான் நிக்க மாட்டேன்னு ஆறு வயசுலயே முடிவு பண்ணிட்டேன். சொம்புல தண்ணி கொண்டுவந்து குடுத்தேன்ல? ஞாபகம் இருக்கா? யார் பக்கம் நின்னேன்? உங்க பக்கம்தானே நின்னேன்!"

அவருக்குத் தண்ணீர் வேண்டும் போல இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

அவர் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டார், மகள் சமையலைப் பார்த்தாள்; வெயில் உச்சிக்கு ஏறியபோது வாசலில் டிங்கரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பெயிண்டர் இறங்கி உள்ளே வந்தான். கையில் கட்டு, கண் ஒன்று மூடியிருந்தது, டிங்கரின் தொளதொளச் சட்டை. ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லியும் கேட்காமல் வந்திருக்கிறான். நேரம் கழித்துப் போனால் அதற்கும் விழுமே என்ற பயம்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றான் சமையலறை வாசலிலேயே. "சத்தியமா நான் சொல்லல. மாமாவையே கேளு."

"வாயத் தொறந்துட்டியா நீ?" மகளின் குரலே மாறிவிட்டது. ஒரு கை ஆணிக்குப் போனது, எடுத்தது, ஓங்கியது. பார்க்காமலே எடுக்கப் பழகிய கை. பெயிண்டர் ஓடவில்லை. கட்டுப் போட்ட கையை ஒதுக்கிக்கொண்டு, முதுகைத் திருப்பிக் காட்டினான். எதை அடிப்பாளோ அதை அவனாகவே கொடுத்தான்.

ரப்பர் நடுவில் புகுந்து கையை நீட்டினார். வார் அவர் முன்கையில் விழுந்தது.

ஆயுசு முழுக்க ரப்பரோடு கிடந்த மனுஷன். அந்த வாரை வெட்டியவரே அவர்தான். ஆனாலும் அதன் வாலின் சூடுதான் அவருக்குத் தெரியும், வார் முழுசாக விழுந்தால் எப்படி வலிக்கும் என்பது தெரியாது. உச்சந்தலை வரை சுரீரென்றது. "அம்மா!" என்று அலறிவிட்டார்.

மகள் அடுத்த அடிக்கு ஓங்கியபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "கத்தாத. பக்கத்து வீட்ல கேக்கும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஓங்கிய கை மேலேயே நின்றது. அவர் அந்தக் கையிலிருந்து வாரை உருவினார். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"மாப்ள," என்றார் திரும்பாமல். "உங்க அக்கா வீட்டுக்குப் போ. டிங்கர் கொண்டுபோய் விடுவான். துணிமணியெல்லாம் நான் கொண்டாந்து தரேன். திரும்பி வராத."

"அவ தனியா இருப்பாளே மாமா," என்றான் பெயிண்டர்.

"போடா!" என்று கத்தினார். அவன் ஓடிப்போய் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டான். ஆசை ஆசையாகப் பார்த்துச் சேர்த்து வைத்த குடும்பத்தை அவரே அன்று பிரித்தார்.

மகள் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அவர் வாரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாரை அவள் முன்னால் தரையில் போட்டார். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, ஓட்டை போட்ட முனையைப் பிடித்துக் கையில் எடுத்தாள். எத்தனையோ வருஷத்தில் அவள் அதைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான். அவள் எழுந்து நின்றதும் அவருடைய முழங்கை தானாக உயர்ந்து முகத்தை மறைத்தது.

அவள் அதைப் பார்த்தாள். வாரைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய், எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்தாள். அவர் கையைப் பிடித்து, கோட்டின்மேல் அழுத்தாமல் ஓரமாகத் தடவினாள்.

"தேய்க்கக் கூடாது. தேய்ச்சா தடிச்சுக்கும். மூணு நாள் நீலமா இருக்கும், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள். பன்னண்டாம் நாள் போயிடும். அந்தப் பக்கமாப் படுக்காதீங்க."

"அவ எடுத்துட்டுப் போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெட்டியில சேலைக்கு அடியில வெச்சா. பாத்துட்டேதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"எங்கயாவது போய்த் தொலையட்டும், இந்த வீட்ட விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு." புட்டியின் மூடியைத் திருகினாள். "எனக்கு அடி விழாம இருந்தாப் போதும்னு நினைச்சேன். இன்னொருத்தர் பெத்த புள்ளைக்கு விழும்னு நினைக்கல. நினைச்சிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல."

மடித்த துணியில் நாலை எடுத்து ஒரு பையில் வைத்தாள். எண்ணெய்ப் புட்டியையும் வைத்தாள். வாரை எடுத்து எல்லாவற்றுக்கும் அடியில் செருகினாள். அவர் எழுந்து நின்றார்.

"எங்க கிளம்பற?"

"அவகிட்ட. அவ கையிலயும் வால் பட்டிருக்கு, யாரும் எண்ணெய் போட்டிருக்க மாட்டாங்க. இனி அங்கதான் இருக்கப் போறேன்."

"அத எதுக்கு எடுத்துட்டுப் போற?"

"இங்க இருந்தா நீங்க மாட்டி வெப்பீங்க. அங்க அவ முன்னாலயே அடுப்புல போடுவேன்."

"போட விடுவாளா?" அவர் குரல் உடைந்தது. "உன்னையும் அடிச்சான்னா?"

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"அடிச்சா அடிக்கட்டும். இங்க மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்?"

அவர் கதவருகே நின்றார். ஒரு அடி முன்னால் வைத்தால் அவளைத் தடுத்துவிடலாம், அந்தக் கை இன்னும் அவரிடம்தான் இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் தெருமுனை திரும்பும் வரை அசையவில்லை. பிறகு உள்ளே போய், தானே தண்ணீர் எடுத்துக் குடித்தார்.